அந்த அரை மணிக்கும் பேட்டா கொடுங்கள்

மினி பொக்லைன் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு,

பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் வட்டாரத்தில் உங்கள் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கிறவன் நான். உங்களில் பலருக்கு என் குரல் தெரியும், முகம் தெரியாது. வண்டி நின்றுபோன தோப்புக்கு நான் வந்து சேரும்போது அங்கே இருப்பவர் உங்கள் ஆபரேட்டர் மட்டும்தான். நீங்கள் ஃபோனில் இருப்பீர்கள். "என்னத்தப் பண்ணித் தொலைச்சானோ, பாருங்கண்ணா" என்றுதான் பேச்சைத் தொடங்குவீர்கள். அதற்கு அந்த இடத்தில் வைத்துப் பதில் சொல்ல முடிவதில்லை. ஆபரேட்டர் பக்கத்திலேயே நிற்கிறார். ஃபோன் ஸ்பீக்கரில் இருக்கிறது. நானும் உங்களிடம் காசு வாங்க வேண்டியவன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் ஆபரேட்டருக்கு நீங்கள் எப்படிச் சம்பளம் தருகிறீர்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். மாதத்துக்கு ஒரு தொகை. அதற்கு மேல், வண்டி ஓடும் மணிக்கு இவ்வளவு என்று பேட்டா. அவர் வீட்டில் அரிசி பருப்பு வாங்குவது பெரும்பாலும் அந்தப் பேட்டாவில்தான். பேட்டாவை எதைப் பார்த்துக் கணக்குப் போடுகிறீர்கள்? ஹவர் மீட்டரைப் பார்த்து. மீட்டர் எப்போது ஓடும்? இன்ஜின் ஓடும்போது. கிரீஸ் கன்னைப் பிடித்துக்கொண்டு பூமுக்கு அடியில் குனிந்திருக்கும் நேரத்தில் இன்ஜின் அணைந்திருக்கும், மீட்டரும் நின்றிருக்கும். ஆக, கிரீஸ் அடிக்கிற நேரம் அவருக்குக் காசில்லாத நேரம். சாப்பிடப் போகும்போது இன்ஜினை அணைக்காமல் புங்க மரத்தடியில் உறுமவிட்டுப் போனால், அது காசுள்ள நேரம். டீசல் உங்களுடையது, பேட்டா அவருடையது. வண்டியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு நஷ்டம், சும்மா ஓடவிடுகிறவருக்கு லாபம். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் ஆபரேட்டர் இல்லை.

இதில் அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? உங்களையும் என்னையும் அந்த இடத்தில் உட்கார வைத்தால் நாமும் இதைத்தான் செய்வோம்.

காலையில் வண்டி கிளம்பும் முன் பராமரிப்புக்கு வேண்டிய அந்த அரை மணியில் என்ன நடக்க வேண்டும் என்று உங்களில் சிலருக்கே தெரியாது என்பது என் சந்தேகம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மில் வைத்திருப்பவர், காடு விற்ற பணத்தில் வண்டி எடுத்தவர், வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர் என்று பல வழிகளில் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். வண்டியை வாங்கிய நாளில் மாலை போட்டுப் படம் எடுத்ததோடு சரி, பிறகு அந்த சீட்டில் உட்காராதவர்கள் நிறையப் பேர். ஆகவே சொல்லிவிடுகிறேன்.

ஒன்றே முக்கால் டன் வண்டியாக இருந்தாலும் கிரீஸ் நிப்பிள் பதினைந்து இருபது இருக்கும். பூம் அடிப்பின், ஆர்ம் பின், பக்கெட் லிங்க், ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு முனை, டோசர் பிளேடு, பூமைப் பக்கவாட்டில் திருப்பும் ஸ்விங் பிராக்கெட். கம்பெனிக் கையேடு இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தினமும் கிரீஸ் அடிக்கச் சொல்கிறது, அதாவது எட்டுப் பத்து மணி ஓட்டத்துக்கு ஒருமுறை. கண்ணில் படும் நிப்பிள்களுக்கு எல்லோரும் அடித்துவிடுகிறார்கள். ஸ்விங் பிராக்கெட்டில் இருப்பதற்கு மண்டி போட வேண்டும், முந்தின நாள் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதுதான் விட்டுப்போகும். நான் வந்து கழற்றிப் பார்க்கும்போது முதலில் தேய்ந்திருப்பதும் அதுதான்.

கிரீஸ் என்பது வழுவழுப்புக்கு மட்டும் இல்லை. பழைய கறுப்பு கிரீஸை வெளியே தள்ளி, பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே மண் போகாமல் அடைத்து நிற்பதும் அதன் வேலை. அது காய்ந்துவிட்டால் செம்மண் தூள் உள்ளே போகும். அப்புறம் வண்டி ஒவ்வொரு முறை மண் அள்ளும்போதும் பின்னையும் புஷ்ஷையும் சாணை பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் புஷ் போகும். அப்போதே மாற்றினால் ஒரு நாள் வேலை. "ஓட்டு, தை மாசம் பாத்துக்கலாம்" என்று நீங்கள் சொன்னால் புஷ் உட்காரும் துளையே முட்டை வடிவமாகிவிடும். அதற்குப் பிறகு புது புஷ் போட்டாலும் நிற்காது. பூமை இறக்கி, துளையில் வெல்டிங் வைத்து நிரப்பி, லைன் போரிங் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். அடிப்பின்னில் சில மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் பக்கெட் பல்லில் அது விரல் கணக்கில் ஆடும். பைப் லைனுக்கு வாட்டம் சரியாக வரவில்லை என்று தோட்டக்காரர் சத்தம் போடுவார். நீங்கள் அதற்கும் ஆபரேட்டரைத்தான் திட்டுவீர்கள்.

காசாகவே பார்ப்போம். கணக்குக்காக, மணிக்கு நூறு ரூபாய் பேட்டா என்று வையுங்கள். அரை மணிக்கு ஐம்பது. மாதம் இருபத்தைந்து நாள் வேலை என்றால் 1250 ரூபாய், வருடத்துக்கு 15,000. இந்தப் பக்கம், வண்டி லைன் போரிங்குக்கு நான்கு நாள் நிற்கிறது. நாளுக்கு எட்டு மணி, மணிக்கு ஆயிரம் வாடகை என்றால் 32,000 ரூபாய் வாடகையிலேயே போய்விடுகிறது. என் கூலி, பின் விலை, புஷ் விலை, லேத் செலவு, வண்டியை ஏற்றி இறக்கும் லாரி வாடகை எதையும் இதில் நான் சேர்க்கவில்லை. வங்கித் தவணை அந்த நான்கு நாளும் நிற்காது என்பதையும் சேர்க்கவில்லை.

கிரீஸோடு முடிவதில்லை. காலையில் இன்ஜின் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். டீசல் ஃபில்டரின் அடிக்கிண்ணத்தில் தண்ணீர் தங்கியிருந்தால் வடிக்க வேண்டும். கேனில் டீசல் வாங்கிவந்து தோப்பில் ஊற்றுகிற நமக்கு இது மற்றவர்களைவிட இரண்டு மடங்கு முக்கியம். ரேடியேட்டருக்குத் தயவுசெய்து போர் தண்ணீர் ஊற்றச் சொல்லாதீர்கள். நம் ஊர் உப்புத் தண்ணீர் வீட்டு ஹீட்டரில் எப்படிப் படிகிறது என்று பார்த்திருப்பீர்கள். இன்ஜினுக்குள்ளும் அப்படியே படியும். கூலன்ட் வாங்கிக் கொடுங்கள்.

ஏர் ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு அடுக்கு இருக்கும். வெளியே உள்ளதை உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த காற்றில் ஊதலாம். உள்ளே இருக்கும் சின்னதை ஊதவும் கூடாது, தட்டவும் கூடாது. போய்விட்டால் மாற்றத்தான் வேண்டும். ட்ராக்கில் டமார் டமாரென்று தட்டித் திரும்பப் போடுகிற வழக்கத்தை யார் கற்றுக் கொடுத்தார்களோ தெரியவில்லை. தட்டுகிறவர் பேரில் மட்டும் குற்றமில்லை. புது ஃபில்டர் கேட்டபோது "போன மாசம்தானே வாங்கினோம்" என்று நீங்கள் சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

சின்ன வண்டி என்பதால் பராமரிப்பும் சின்னது என்று நினைக்கிறீர்கள். நிலைமை நேர்மாறு. இந்த வகை வண்டி ஜப்பானில் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்தது. பெரிய இயந்திரம் நுழைய முடியாத இடத்தில், வீட்டு அஸ்திவாரம் மாதிரியான வேலைகளில், கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் மாற்றாகச் செய்தார்கள். யான்மார் கம்பெனி 1993-ல் கொண்டுவந்த மாடலில், வண்டி சுற்றும்போது பின்பக்கம் ட்ராக்கின் அகலத்தைத் தாண்டாது. சுவரை ஒட்டி நின்றே சுற்றலாம். அந்த வசதிக்காக இன்ஜின், பம்பு, ரேடியேட்டர், ஆயில் கூலர் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு பெட்டிக்குள் அடைத்திருக்கிறார்கள். சூடு வெளியேற இருக்கும் வழி குறைவு. அந்த வழியையும் தேங்காய் நாரும் சோளத் தட்டையின் தூசும் அடைத்துக்கொண்டால் சித்திரை வெயிலில் என்ன ஆகும்? "மத்தியானத்துக்கு மேல இழுவை இல்லைங்க" என்று உங்கள் ஆபரேட்டர் சொன்னாரே, அதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. ஆயில் சூடாகி நீர்த்துவிட்டது.

இந்த வண்டி எதையும் செய்யும் என்பதும் உங்கள் கண்ணை மறைக்கிறது. ட்ராக்கை ஒடுக்கினால் ஒரு மீட்டர் அகலச் சந்துக்குள் போகும் மாடல்கள் இருக்கின்றன. பாக்கு மர வரிசைக்கு நடுவே சொட்டுநீர்க் குழாய்க்குக் கால்வாய் எடுக்கும், தென்னங்கன்றுக்கு மூன்றடிக் குழி போடும், ஆகர் மாட்டினால் கம்பி வேலிக்குத் துளை போடும், பிளேடால் மண்ணைத் தள்ளி மூடும். எல்லாம் சரி. பிரேக்கர் மாட்டும்போதுதான் கணக்கு மாறுகிறது. சுக்கான் பாறை குறுக்கே வந்தால் பிரேக்கர் இல்லாமல் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரேக்கர் அடிக்கும் வண்டியின் ஹைட்ராலிக் ஆயில் சீக்கிரம் கெடும். ஒரு கம்பெனியின் கையேட்டில், சாதாரண மண் வேலைக்கு 1000 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். ஓட்டத்தில் எண்பது சதத்துக்கு மேல் பிரேக்கர் என்றால் 200 மணிக்கு ஒருமுறை. ஐந்தில் ஒரு பங்கு. பிரேக்கருக்கு வாடகையை ஏற்றிக் கேட்கத் தெரிந்த நீங்கள் இந்தக் கணக்கையும் அதில் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். உளிக்கு இரண்டு மணிக்கொருமுறை கிரீஸ், அதுவும் உளியைத் தரையில் ஊன்றி அழுத்தி வைத்துக்கொண்டு. அந்த நேரமும் மீட்டரில் ஏறாத நேரம்தான்.

ஆயில் விஷயத்தில் இன்னொன்று. வால்வுகளுக்குள் இடைவெளி மைக்ரான் கணக்கு; தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவு. வண்டி பாதி தூரம் தோண்டி நிற்கும்போது, காற்றடிக்கிற காட்டில், டேங்க் மூடியைத் திறந்து, எந்தக் கேனில் என்ன இருந்தது என்று தெரியாத ஆயிலை ஊற்றுகிறோம். பம்பு போனதும், "கம்பெனி மோசம்" என்கிறோம். கம்பெனிகளிலும் குறை உண்டு. உதிரிபாகம் ஒரு வாரம் வராமல் கிடக்கிற கதையைத் தனியாக எழுதலாம். ஆனால் ஆயிலில் மண் விழுந்ததற்குக் கம்பெனி என்ன செய்யும்?

இதுவரை சொன்னதெல்லாம் இரும்பு. இனி உயிர்.

ஓடும்போது இந்த வண்டியின் ஹோஸில் இருக்கும் அழுத்தம் 200 பாருக்கு மேல் போகும். கார் டயரில் இருப்பதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் ஆயில் கண்ணுக்குத் தெரியாத கம்பியாகப் பாயும். கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தால் அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கும். விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். அட்டைத் துண்டை வைத்துத்தான் கசிவு பார்க்க வேண்டும். பட்டுவிட்டால், சின்னக் காயம்தானே என்று மஞ்சள் வைக்காமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓட வேண்டும்; ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தில் உள்ளே போயிருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இதை உங்கள் ஆபரேட்டரிடம் ஒருமுறையாவது சொல்லியிருக்கிறீர்களா?

தென்னை மட்டை இடிக்கிறது என்று மேற்கூரையைக் கழற்றி வைத்த வண்டிகளைப் பார்க்கிறேன். அந்தக் கூரை வெயிலுக்காக வைத்தது இல்லை. வண்டி சாய்ந்தால் ஆபரேட்டர் நசுங்காமல் இருக்க வைத்தது. அதுவும் அவர் சீட் பெல்ட் போட்டிருந்தால்தான் காப்பாற்றும். ராம்ப் வாங்கக் காசு செலவாகும் என்று, பக்கெட்டை ஊன்றி வண்டியைத் தூக்கி லாரிக்குள் ஏறும் வித்தையை ஆபரேட்டர்கள் பழகிவைத்திருக்கிறார்கள். நீங்கள் அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்கிறீர்கள். கிரேனில் கட்டிக் கிணற்றுக்குள் வண்டியை இறக்கித் தூர் எடுக்கும்போது, டீசல் புகை போக வழியில்லாமல் அடியிலேயே தங்குகிறது. மூச்சு முட்டி மயங்கியவரை மேலே ஏற்றவும் அதே கிரேன்தான். ஐந்தடிக்கு மேல் செங்குத்தாகக் குழி எடுத்துவிட்டு உள்ளே ஆளை இறக்கிக் குழாய் பொருத்தச் சொல்கிறார் தோட்டக்காரர். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் மண் சரியாதபடி முட்டுக் கொடுக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயமே சொல்கிறது. ஆபரேட்டருக்கு அந்த விதி எண் தெரியாமல் இருக்கலாம், மண் சரியும் என்பது தெரியும். "சரிவாக எடுக்கலாம்ங்க" என்கிறார். தோட்டக்காரர் உங்களுக்கு ஃபோன் போடுகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? "கஸ்டமர் சொல்றபடி செய்டா."

அந்த ஒரு வார்த்தையில் அவருடைய அனுபவம் முழுவதையும் கீழே போட்டுவிடுகிறீர்கள். அடுத்த முறை அவர் எதையும் சொல்ல மாட்டார். ஸ்விங்கில் சத்தம் வந்தாலும் சொல்ல மாட்டார். சொன்னால் திட்டு, சொல்லாவிட்டால் நின்ற பிறகுதான் திட்டு என்று அவருக்குக் கணக்குத் தெரியும். நல்ல ஆபரேட்டர் கிடைப்பதில்லை என்று நீங்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கிடைத்தவரைத்தான் ஊமையாக்கி வைத்திருக்கிறோமே.

வாடகைப் போட்டி உங்களை நெருக்குகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்து ஊர்க்காரர் மணிக்கு நூறு ரூபாய் குறைத்தால் நீங்களும் குறைக்க வேண்டியிருக்கிறது. தோட்டக்காரரும் தன் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் குறைத்த அந்த நூறு ரூபாயை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். டீசலில் எடுக்க முடியாது, தவணையில் எடுக்க முடியாது. ஃபில்டரில் எடுக்கிறீர்கள், ஆயிலில் எடுக்கிறீர்கள், ஆபரேட்டரின் காலை நேரத்தில் எடுக்கிறீர்கள். இரண்டு வருடத்தில் அது எனக்கு வந்து சேர்கிறது. எனக்கு வருமானம்தான், இருந்தும் இதை எழுதுகிறேன் என்றால் நம்புங்கள்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. காலையில் வண்டி கிளம்பும் முன் அரை மணி நேரத்துக்கு, மண் அள்ளும் மணிக்கு என்ன பேட்டாவோ அதே பேட்டாவைக் கொடுங்கள். மீட்டர் ஓடாவிட்டாலும் கொடுங்கள். பிரேக்கர் நாள் என்றால் ஒரு மணி நேரமாகக் கொடுங்கள். தோட்டக்காரரிடம் வேலை பேசும்போதே, வண்டி எட்டு மணிக்கு வந்தாலும் எட்டரைக்குத்தான் மண்ணில் இறங்கும் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று பேர் முகம் சுளிப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

சீட்டுக்குப் பின்னால் நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டு வையுங்கள். இன்றைய மீட்டர் எவ்வளவு, எதற்குக் கிரீஸ் அடித்தார், எங்கே கசிவு, என்ன சத்தம் என்று ஆபரேட்டர் எழுதட்டும். எழுதத் தயங்குகிறவர் ஃபோனில் பேசிப் பதிவு செய்து அனுப்பட்டும். வாரம் ஒருமுறை நீங்கள் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அவர் எழுதியதைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால், வண்டி நின்ற பிறகு அவரைத் திட்டும் உரிமை உங்களுக்கு இல்லை. மாதம் ஒரு காலையில் நீங்களே போய் அந்த அரை மணி கூட நில்லுங்கள். ஸ்விங் பிராக்கெட் நிப்பிளுக்கு நீங்களே ஒருமுறை மண்டி போட்டுக் கிரீஸ் அடித்துப் பாருங்கள்.

குழி ஆபத்து, ஏற்றம் ஆபத்து, கிணற்றில் புகை சேருகிறது என்று ஆபரேட்டர் வண்டியை நிறுத்தினால், தோட்டக்காரர் முன்னாலேயே "அவர் சொன்னா சரிங்க" என்று சொல்லுங்கள்.

பேட்டாவை இந்த மாதச் சம்பளத்திலிருந்தே தொடங்குங்கள். நாளைக் காலை ஃபோன் போடும்போது "மீட்டர் ஓட ஆரம்பிச்சாச்சா" என்று கேட்கும் முன் கிரீஸ் அடித்தாகிவிட்டதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அடித்து முடிக்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக்